ஷேடு எண் பதினேழு

சாயப்பட்டறையில் பதினோரு வருசம்
லேப் டிப் போட்ட கை இது.
வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத்துணிக்கு
கடுகளவு சிவப்பு கூட்டவா குறைக்கவா என்று
லைட் பாக்ஸுக்குள் தலையை விட்டுக் கிடந்தவன்
இப்போது வீரபாண்டிப் பிரிவில்
ஒரு மாடி அறையில்
காகிதத்துக்கு வயசு ஏற்றுகிறேன்.

மாதம் ஒரு பெட்டி தபாலில் போகும்.
சந்தாக்காரர் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
உள்ளே ஒரு மர்மம்:
அறுபத்து நாலாம் வருசம்
உடுமலைப் பஞ்சு பாக்டரிக் கணக்குப்பிள்ளை இராக்கியண்ணன்
பொழுதோட சைக்கிள் எடுத்துப் போனவர்
வரவில்லை.
அவர் எழுதிய மூணு கடிதம், ஒரு எடைச்சீட்டு,
பாதி கருகிய பஸ் டிக்கெட்.
கண்டுபிடிப்பது அவரவர் பாடு.
கதை நவநீதாவுடையது, கறை என்னுடையது.

டீத்தூள் சாதுவானது, சொன்னபடி கேட்கும்.
காப்பியை மூக்கு காட்டிக் கொடுத்துவிடும்.
ஈரோட்டு மஞ்சள் ஒருக்கா கிள்ளிப் போட்டேன்,
காணாமல் போனவர் கடிதம்
கல்யாணப் பத்திரிகை ஆகிவிட்டது.
கடுக்காய்த் தண்ணியில் துருப்பிடித்த ஆணி ஊறவைத்து
மூணாம் டிகாக்‌ஷனோடு கலந்தால்
வருவது ஷேடு எண் பதினேழு.
அதைத்தான் எல்லோரும் பழசு என்று நம்புகிறார்கள்.

‘அறுபத்து நாலில் ஏதுங்க பின்கோடு?’
கரூரிலிருந்து ஒரு கார்டு வந்தது,
ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்து ரிட்டயர் ஆனவர்.
உறையெல்லாம் மறுபடி அச்சடித்தோம்.

அசலையே பார்த்துவிடலாமென்று
பல்லடத்துக் காயலான் கடையில்
பழைய பேரேடு ஒன்றை எடைக்கு வாங்கினேன்.
ஓரம் மட்டும் பழுப்பு.
உள்ளே அப்போதுதான் உடைத்த தேங்காய்.
அறுபது வருசம் யாருமே புரட்டாத வெள்ளை.
அந்தத் தாளிலேயே எழுதி
பத்துப் பேருக்கு அனுப்பினோம்.
ஆறு பேர் புகார்:
பேப்பர் புதுசாத் தெரியுதுங்க.

அன்றைக்குத் தீப்பெட்டி தேடிச் சட்டைப்பையில் கைவிட்டால்
தம்பி திருமூர்த்தியின் சீட்டு.
‘அண்ணா, பைனான்ஸ் பணம் எம் பொறுப்பு.
தேட வேண்டாம்.’
நாலு மாசம்தான் ஆகிறது.
மடிப்பில் கிழிந்து பஞ்சு கிளம்பியிருந்தது,
வேர்வையில் ‘பொறுப்பு’ ஊறி
நீலம் பின்பக்கம் வரை போயிருந்தது.
லைட் பாக்ஸில் வைத்தேன்.
என் நாற்பது ஷேடில்
எதுவும் பக்கத்தில் வரவில்லை.

பிறகு டீயைக் குறைத்தேன்.
இராக்கியண்ணன் கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு
சிக்னலில் பிரித்தேன், பேக்கரியில் பிரித்தேன்,
புது பஸ் ஸ்டாண்டில் பவானி வண்டி வரும்வரை
பிரித்து மடித்துப் பிரித்து மடித்து.
நானூற்றுப் பன்னிரண்டுக்கு
ரெண்டு பை எங்கே போதும்?
பேக்கிங்குக்கு வரும் மாராத்தாளும் மற்றவர்களும்
ஆளுக்கு முப்பது முப்பதாய்
இடுப்பில் செருகிக்கொண்டு சமைத்தார்கள்,
தண்ணி பிடித்தார்கள்,
பஞ்சாயத்து ஆபீசில் வரிசையில் நின்றார்கள்.
அந்த மாதம் ஒரு புகார்கூட இல்லை.

பெட்டியெல்லாம் ஒட்டி அனுப்பிய மறுநாள்
பையைத் தடவிப் பார்த்தேன்.
தம்பி சீட்டைக் காணோம்.
எந்தப் பெட்டிக்குள் போனதோ,
யாரைக் கேட்பது?

மூணு வாரம் கழித்துத் தாராபுரத்திலிருந்து
ஒரு இன்லேண்ட் லெட்டர்.
கிறுக்கல் இல்லாத கையெழுத்து, சொர்ணலதா என்று பேர்.
‘கணக்குப்பிள்ளையைக் கொன்றது பங்குதாரர்தானுங்க,
எடைச்சீட்டிலேயே தெரிகிறது.
ஆனால் நாலாவதாக ஒரு கடிதம் இருக்கிறது.
இருப்பதிலேயே அதுதான் அசல் மாதிரி,
உங்கள் ஆளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.
எதோடு சேர்த்துப் பார்த்தாலும் சேரவில்லை.
இந்தத் தம்பி யாருங்க?
அடுத்த பெட்டியில் வந்துருவாருங்களா?’